வெளி வளையம்

பிரிஸ்பேனிலிருந்து அந்த மின்னஞ்சல் பத்து மணி ஐந்துக்கு வந்தது. ரோரி அதற்காக ஏழு மாதம் காத்திருந்தவன். அன்று காலை மட்டும் அதை மறந்திருந்தான்.

அவன் கண் கைப்பேசித் திரையிலேயே கிடந்தது. திரையில், விமானங்களின் இருப்பிடம் காட்டும் வரைபடத்தில், ஒரு மஞ்சள் அம்பு. அது அவன் மனைவி டாம்சின். ஒன்பது மணிக்கு அவர்கள் ஊரான நரந்தெராவில் கிளம்பித் தெற்கே போய்க்கொண்டிருந்தாள். மெல்போர்னுக்கு அந்தப்புறம் பாயிண்ட் குக்கில் மறுநாள் விமானத் திருவிழா. அவள் ஓட்டிப் போனது 1943இல் கட்டிய போர்விமானம். ஒரே இருக்கை. மெர்வ் கோட்ஸ் ஊர்க்கோடியில் தன் கொட்டகையில் வைத்துப் பதினோரு வருடமாக அதைத் திரும்பக் கட்டியிருந்தார். பேர் டெய்சி. இதுவரை மூன்று முறைதான் மேலே போயிருந்தது, ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம். தொலைதூரம் போவது இன்றுதான் முதல்.

டாம்சின் வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானி. பன்னிரண்டு வருட அனுபவம். ஆனாலும் ஒரே இருக்கை விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் ஏற முடியாது. அதனால் மூன்று மாதம் வீட்டின் பின்னறையில் பழகினாள். அங்கே ரோரி ஒட்டுப்பலகையில், விமானி உட்காரும் காக்பிட் மாதிரி ஒன்று செய்து, கணினித் திரைகளைச் சுற்றி வைத்து, கணினியிலேயே பறந்து பழகும் சிமுலேட்டரில் அதே விமானத்தை ஏற்றி வைத்திருந்தான். கவுன்சிலில் வரைபடம் போடுகிற வேலை அவனுக்கு. மீட்டர்களின் முகப்பை வரைவது அவனுடைய பைத்தியம்.

பத்து மணிக்கு அம்பு மெல்போர்னுக்கு வடக்கே மலைகளுக்கு நடுவிலிருக்கும் கில்மோர் கணவாய்க்கு முன்னால் வட்டமடித்தது. அந்தக் கணவாயில் மேகம் தாழ்ந்திருக்கும்போது உள்ளே நுழைந்தவர்களின் கதை அந்தப் பக்கத்து விமானிகள் எல்லாருக்கும் தெரியும். இரண்டு சுற்று. பிறகு அம்பு வடக்கே திரும்பியது. உடனே ஒரு குறுஞ்செய்தி, ஒரு கையால் தட்டியது:

"மேகம். உள்ள போகல. வீட்டுக்கே வரேன். பெட்ரோல் தாராளம்."

அவன் நாற்காலியில் சாய்ந்தான். மேகத்துக்குள் போகவில்லை. போதும். அந்த நிம்மதியில்தான் மின்னஞ்சலைத் திறந்தான்.

அனுப்பியவர், ஏழு மாதத்துக்கு முன் ரோரி உதவி கேட்டு எழுதியிருந்த ஒரு பெண்மணி. அவருடைய அப்பா போர்க்காலத்தில் இதே ரக விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர். அவருடைய நோட்டுப் புத்தகம், முப்பத்தோரு பக்கம், படமெடுத்து அனுப்பியிருந்தார். பதினான்காம் பக்கத்தில் பென்சிலில் பெட்ரோல் மீட்டர். வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வளையம், இரண்டிலும் எண்கள். பக்கத்தில் சாய்ந்த கையெழுத்து:

"வெளி வளையம், வால் தரையில் இருக்கும்போது. உள் வளையம், பறக்கும்போது. புதுப் பையன்கள் மாற்றிப் படிக்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது."

ரோரி ஒருமுறை படித்தான். விரலை வைத்து மறுபடி படித்தான்.

அந்த விமானம் தரையில் நிற்கும்போது வாலைக் கீழே போட்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். டாங்கில் இருக்கிற பெட்ரோல் பின்பக்கம் ஓடிவிடும். அளவு காட்டும் மிதவை முன்பக்கம் இருப்பதால் முள் குறைத்துக் காட்டும். மேலே போய் நேரானதும் கூட்டிக் காட்டும். அதனால் ஒரே முள்ளுக்கு இரண்டு அளவு. டாங்க் நிறைந்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. பாதிக்குக் கீழே வர வர விலகும். எந்த வளையம் எதற்கு என்பதைச் சொல்லும் எழுத்து, கிடைத்த ஒரே தொழிற்சாலைப் படத்தில் தேய்ந்து போயிருந்தது. ரோரி யோசித்தான். விமானி அதிகம் பார்ப்பது பறக்கும்போதுதானே, பெரிய வளையத்தை அதற்குத்தான் கொடுத்திருப்பார்கள். வெளி வளையத்தில் "பறக்கையில்" என்று எழுதினான்.

ஒன்பது ஊர்களில் ஒன்பது பேர் இணையத்தில் சேர்ந்து அந்த சிமுலேட்டர் விமானத்தைச் செய்தார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஆதாரம் உள்ளது வெள்ளை எழுத்து, யூகம் சாம்பல் எழுத்து. ரோரியும் சாம்பலில்தான் எழுதினான்.

போன நவம்பரில் மெர்வ் கொட்டகைக்கு அடிலெய்டிலிருந்து புது மீட்டர்கள் வந்தன. ரோரி போய்ப் பார்த்தான். பெட்ரோல் மீட்டரில், வெளி வளையத்தில், "பறக்கையில்" என்று இருந்தது. நிஜ விமானம், நிஜ மீட்டர். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. படமெடுத்துக்கொண்டு வந்து அன்றைக்கே சாம்பலை வெள்ளையாக்கினான். நண்பர்களுக்கு எழுதினான்: "உறுதியாயிற்று."

இப்போது அந்தப் படத்தைத் திறந்தான். பெரிதாக்கினான். நாற்பது என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வளையக் கோடு ஒரு மயிரிழை விலகி இறங்கியிருந்தது. தொழிற்சாலைப் படம் மடிந்திருந்த இடம் அது. அந்த மடிப்பை அவன்தான் கையால் ஒட்டி நேராக்கினான். சரியாக ஒட்டவில்லை. அந்தப் பிசகு உலகத்தில் அவன் வரைந்த படத்தில் மட்டும்தான் இருக்க முடியும்.

அது டெய்சியின் மீட்டரில் இருந்தது.

டாம்சினைக் கூப்பிட்டான். எல்லைக்கு வெளியே. மறுபடி. எல்லைக்கு வெளியே. "பெட்ரோல் மீட்டரை நம்பாதே, கூப்பிடு" என்று செய்தி அனுப்பினான். போய்ச் சேரவில்லை. கைப்பேசி அவள் முழங்கால் பையில் இருக்கும். கையில் உறை இருக்கும். காதை இன்ஜின் அடைத்திருக்கும்.

மணி பத்து பதினைந்து. அடிலெய்டுக்குப் போட்டான். மீட்டர் செய்யும் ஸ்டாவ்ரோஸ் எடுத்தான். பின்னால் கடைசல் இயந்திரம் ஓடியது.

"ஸ்டாவ்ரோஸ், நரந்தெராவுலேர்ந்து ரோரி. மெர்வோட பெட்ரோல் மீட்டர். முகப்பை எதைப் பார்த்து அச்சடிச்ச?"

"சனிக்கிழமை காலைல கேக்கற கேள்வியா இது? நல்லா இருக்கியாடான்னு கேளு மொதல்ல."

"எதைப் பார்த்து அச்சடிச்ச?"

"மெர்வ் அனுப்பின பழைய முகப்புல ஒரு எழுத்துகூட மிச்சமில்ல. இருட்டுல மின்ன ரேடியம் பூசினது, ஆபத்துன்னு சுரண்டி எடுத்துட்டாங்க. இன்டர்நெட்ல தேடினேன். உங்க ஆளுங்க போட்டிருந்த படம் அம்சமா இருந்துச்சு. அதையே எடுத்துக்கிட்டேன். ஏன், காப்பிரைட்டா? ஒரு பீர் வாங்கித் தரேன், விடு."

"அதுல எழுத்து சாம்பல் கலர்ல இருந்துச்சே."

"ஆமா, என்னவோ மங்கலா இருந்துச்சு. கலர் சரியா விழலைபோலன்னு நினைச்சேன். நான் பளிச்சுனு வெள்ளை ஆக்கிட்டேன்."

ரோரி போனை வைத்தான். அம்பு ஷெப்பர்ட்டனை நெருங்கிக்கொண்டிருந்தது. மெர்வைக் கூப்பிட்டான். ஆறு முறை மணி அடித்த பிறகு எடுத்தார்.

"மெர்வ், டாங்க் எப்ப ரொப்பினீங்க?"

"நேத்து சாயங்காலம். விளிம்பு வரைக்கும். ஏன், நீ வந்து உறிஞ்சப் போறியா?"

"மணிக்கு எவ்வளவு குடிக்கும்?"

"புத்தகத்துல நாப்பத்தஞ்சு கேலன். இவ அதைவிடக் கொஞ்சம் கூடவே குடிப்பான்னு நினைக்கிறேன். கார்புரேட்டர் வேற விமானத்தோடது. எவ்வளவு கூடன்னு இன்னிக்கு வந்து இறங்கினாத்தான் தெரியும். என்னாச்சு, குரலே சரியில்லையே?"

ரோரி சொன்னான். குளறினான். மறுபடி முதலிலிருந்து சொன்னான்.

"உன் படத்தைப் பார்த்து அவன் அடிச்சான். அவன் அடிச்சதைப் பார்த்து நீ சரின்னுட்ட."

"ஆமா."

"நாசமாப் போச்சு." பிறகு குரல் தணிந்தது. "இப்ப மீட்டர்ல முப்பதுக்கு மேல இருக்கும். அவ கணக்குலயும் ஏறக்குறைய அதுதான் வரும். ரெண்டும் ஒத்துப்போகும். சந்தேகமே வராது அவளுக்கு. இன்னும் அரை மணி பறப்பு. ரோரி, உள் வளையத்துல அது எவ்வளவு?"

ரோரி படத்தில் விரல் வைத்துப் பார்த்தான். வெளியே முப்பத்தைந்து வருகிற இடத்தில் உள்ளே பன்னிரண்டு.

"பன்னெண்டு."

"என் ரேடியோ அவ்வளவு தூரம் எட்டாது." மெர்வ் எதையோ தள்ளிவிட்டு நடப்பது கேட்டது. "காப்ரம் பக்கத்துல இன்ஜின் இல்லாத கிளைடர் விமானங்களுக்கு ஒரு மைதானம் இருக்கு. அதைத் தாண்டும்போது எல்லாரும் அவங்க அலைவரிசைக்கு மாறிடுவாங்க. கிளைடர் மேல போய் இடிக்கக் கூடாதே. அவளும் மாறுவா. நெரிடான்னு ஒரு அம்மா இருப்பாங்க. நம்பர் அனுப்பறேன். நான் கூப்பிட மாட்டேன். நீ கூப்பிடு. உன் வாயால சொன்னாத்தான் கேப்பா."

நெரிடா உடனே எடுத்தாள். நடுவயதுக் குரல், கரகரப்பு.

"கிளைடர் எதுவும் மேல போகல தம்பி, புல்லெல்லாம் பனி ஈரம். கேரவன்ல உக்காந்து டீக்குத் தண்ணி வெச்சிருக்கேன். சொல்லு."

அவன் சொன்னான். இந்த முறை குளறவில்லை. மூன்று வாக்கியம்.

"அட கடவுளே," என்றாள் நெரிடா. "இரு. போனை மைக் பக்கத்துல வெக்கறேன்."

அவள் அழைக்க ஆரம்பித்தாள். "டெய்சி, டெய்சி, காப்ரம் கிளைடர் மைதானம் பேசுது." வெறும் இரைச்சல். அரை நிமிடம். மறுபடி. இரைச்சல். பத்து இருபத்தைந்து. அம்பு நகர்ந்தது. டாம்சின் இன்னும் பழைய அலைவரிசையில் இருக்கிறாள். சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரன் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். ரோரி அவனைப் பார்த்தான். ஒரு வாளி, ஒரு துணி. அவன் ஏதோ பாட்டுக்குத் தலையாட்டினான்.

பத்து இருபத்தெட்டு. இரைச்சல் உடைந்தது.

"காப்ரம், டெய்சி. தெற்கே பத்து மைல், ரெண்டாயிரம் அடி, வடக்கே கடந்து போறேன்."

"டெய்சி, நெரிடா பேசறேன். உன் வீட்டுக்காரர் லைன்ல இருக்கார். அவசரம். கேளு."

"யாரு?"

"டாம், நான்தான்."

"ரோரியா? ரேடியோல என்னடா பண்றே நீ?"

"பெட்ரோல் மீட்டர் என்ன காட்டுது?"

"முப்பத்தஞ்சுக்குக் கொஞ்சம் கீழ. ஏன்?"

"உள் வளையத்துல பாரு."

"உள் வளையம் தரைக்குடா. நீதானே சொல்லிக்கொடுத்த."

"மாத்திச் சொல்லிட்டேன். உள்ள இருக்கறதுதான் பறக்கறதுக்கு. நான் யூகத்துல போட்டேன். தப்பு."

இரைச்சல். இன்ஜின் சத்தம் மட்டும்.

"மெர்வ் மீட்டர்லயும் அப்படித்தானே எழுதியிருக்கு."

"அது என் படம் டாம். என் படத்தைப் பார்த்து அச்சடிச்சிருக்காங்க."

அவன் நகத்தால் மேசை விளிம்பைக் கீறிக்கொண்டிருந்தான்.

"உள் வளையத்துல பத்து," என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "எவ்வளவு உறுதி உனக்கு?"

உறுதி என்று சொல்லிவிடலாம். சொன்னால் இறங்கிவிடுவாள். அந்த வார்த்தையை நவம்பரிலும் அவன் எழுதியிருக்கிறான்.

"ஒரு நோட்டு," என்றான். "ஒரே ஒரு நோட்டு. மெக்கானிக் ஒருத்தர் போர் நேரத்துல எழுதி வெச்சது. இன்னிக்குக் காலைல வந்துச்சு. வேற எதுவும் இல்ல எங்கிட்ட."

"நெரிடா, உங்க தரை எவ்வளவு நீளம்?"

"தொள்ளாயிரம் மீட்டர். புல்லு. நல்ல ஈரம். வடக்குக் கடைசில கம்பி வேலி, அதுக்கப்புறம் ஆத்தங்கரை மரம்."

"சிமுலேட்டர்ல எனக்கு ஆயிரம் தேவைப்பட்டுச்சு," என்றாள் டாம்சின். "அந்த பிரேக்கும் உன் யூகமா ரோரி?"

"அது என் வேலை இல்ல. வேற ஒருத்தன் செஞ்சது. எனக்குத் தெரியாது."

"நான் என்ன பண்ணணும்னு சொல்லு."

அவனுக்கு இரண்டும் தெரிந்தது. ஈரப்புல்லில் பிரேக்கை அழுத்தினால் அந்த மூக்கு பூமியில் குத்தி விமானம் கவிழும். கவிழ்ந்தால் கண்ணாடி மூடிக்குக் கீழே தலை. போய்க்கொண்டே இருந்தால், நோட்டு எழுதியவர் சரி என்றால், பத்து நிமிடத்தில் யூகலிப்டஸ் காட்டின் மேல் இன்ஜின் நிற்கும். நோட்டு எழுதியவர் தவறு என்றால் பதினொன்றுக்கு வீட்டு வாசலில் அவளுடைய பூட்ஸ் சத்தம் கேட்கும்.

"எறங்கு," என்றான். "எனக்கு உறுதியில்ல. ஆனா எறங்கு."

"சரி." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அவனிடம் பேசவில்லை. நெரிடாவிடம் காற்று எந்தத் திசை என்று கேட்டாள். சக்கரம் இறங்கியது என்றாள். கடைசித் திருப்பம் என்றாள். அடுத்து இன்ஜினைப் பற்றி ஒரே வார்த்தை:

"இருமுது."

கைப்பேசியில் அம்பு மறைந்தது. தாழ்ந்தால் அது மறையும். ஒவ்வொரு முறையும் மறைவதுதான். ரோரி அதைத் தனக்கே சொல்லிக்கொண்டான். போனில் தூரத்து உறுமல் கேட்டது, நெருங்கியது, நடுவில் ஒருமுறை அறுந்தது, திரும்பப் பிடித்தது, பிறகு இல்லை. நெரிடா "ஐயோ" என்றாள். நாற்காலி விழுந்தது. கதவு அடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு கேரவனில் ஆள் இல்லை. கெட்டில் கொதிப்பது மட்டும் கேட்டது. முதலில் முணுமுணுப்பு. பிறகு விசில். யாரும் அணைக்கவில்லை. அது கத்திக்கொண்டே இருந்தது. ரோரி போனைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தான். வைத்தால் ஏதோ முடிந்துவிடும் என்று தோன்றியது. பத்து முப்பத்தைந்து. பத்து முப்பத்தாறு. எழுந்து நின்றான். பத்து முப்பத்தெட்டு. பக்கத்து வீட்டுக்காரன் வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினான்.

கதவு சத்தம். மூச்சிரைப்பு. விசில் நின்றது.

"தம்பி, இருக்கியா? நிக்குது. வேலிக்கு இந்தப்பக்கம் நிக்குது, கவிழல. புல்லுல ஓடும்போதே இன்ஜின் அணைஞ்சிருச்சு. அவ தானா எறங்கி நடந்தா. இப்ப உக்காந்திருக்கா."

"பேசறாளா?"

"இல்ல. ஒரு குச்சியைக் கேட்டா. டாங்க்ல விட்டுப் பார்த்தா. நுனி மட்டும்தான் நனைஞ்சுது. அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நீ கிளம்பி வா."

இரண்டு மணி நேரம் ஓட்டினான். வழியெல்லாம் நெல் அறுத்த வயல். எதுவும் மனதில் தங்கவில்லை. ஜெரில்டெரியில் ஒரு முறை வண்டியை ஓரமாக நிறுத்தி வாந்தி எடுத்தான், வாயைத் துடைத்தான், கிளம்பினான்.

டெய்சி வேலியிலிருந்து பத்தடியில் நின்றது. புல்லில் இரண்டு நீளக் கறுப்புக் கோடு, கடைசியில் சற்று வளைந்து. டாம்சின் இறக்கையின் மேல் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த சாண்ட்விச் பக்கத்தில் பிரிக்காமல் கிடந்தது. அவன் கிட்டே போனான். கட்டிப்பிடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். அவள் நகர்ந்து இடம் விட்டாள். ஏறி உட்கார்ந்தான். இறக்கைத் தகடு சில்லென்று இருந்தது. அவள் கையைத் தொட்டான். நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"மேல இருக்கும்போது நடுங்கல," என்றாள். "எறங்கினப்புறம்தான்."

"நான்..."

"மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கோ. ஒண்ணு சொல்லு. அன்னிக்கு மெர்வ் கொட்டகைக்குப் போய்ப் பாத்துட்டு வந்து, எத்தனை மீட்டரை உறுதின்னு மாத்தின?"

அவன் அதை வழியில் நினைக்கவே இல்லை. இப்போதுதான் எண்ணினான். பெட்ரோல். எண்ணெய்ச் சூடு. சிலிண்டர் சூடு. அழுத்தமானியின் சிவப்புக் கோடு. விழாமல் பறக்கத் தேவையான கீழ்வேக எல்லை. விரல் மடக்கி எண்ணுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது."

"ஸ்டாவ்ரோஸ் எத்தனை முகப்பு அச்சடிச்சான்?"

ரோரி மடக்கிய விரல்களைப் பார்த்தான்.

"ஒன்பது."

டாம்சின் காக்பிட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். திறந்த மூடிக்குள் மீட்டர்கள் வரிசையாக, புத்தம்புதிதாக, வெள்ளை எழுத்தோடு மின்னின. இன்று கிளம்பும்போது சிலிண்டர் சூட்டைச் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரலளவு கீழேயே வைத்து ஏறியிருந்தாள். தரையைத் தொடும்வரை வேக மீட்டரின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இறக்கையிலிருந்து குதித்து இறங்கினாள். கால் ஈரப்புல்லில் வழுக்கியது. வேலியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

"மெர்வ்? நல்லாத்தான் இருக்கேன். இல்ல, பெட்ரோல் கொண்டு வர வேணாம். லாரி எடுத்துட்டு வாங்க. ஸ்பேனர் பெட்டியும். ஆமா, ரெண்டு இறக்கையையும் கழட்டணும். நாளைக்கா? நாளைக்கு யாரும் எங்கயும் பறக்கல மெர்வ்."